பார்லி அரிசியும் ஒரு சல்லடையும்: காரைக்குடிப் பக்கத்து சீலியாக் நிகழ்வு ஒன்று

பங்குனி வெயிலில் ஓர் ஆச்சி (செட்டிநாட்டில் குடும்பப் பெண்களை மரியாதையாக இப்படித்தான் அழைப்போம்) என்னைப் பார்க்க வந்தார். காரைக்குடியிலிருந்து கொஞ்ச தூரத்தில் உள்ள ஊர். வயது 46, உயரம் 155 சென்டிமீட்டர், எடை 40.2 கிலோ. கையில் ஒரு பிளாஸ்டிக் பை நிறைய மருத்துவச் சீட்டுகள். மதுரையில் சீலியாக் நோய் (கோதுமை, பார்லி போன்றவற்றில் உள்ள பசையம், அதாவது குளூட்டன், சிறுகுடலைக் கெடுக்கும் நோய்) என்று உறுதி செய்து ஏழு மாதம் ஆகியிருந்தது. அன்றே கோதுமையை விட்டுவிட்டார். முதல் இரண்டு மாதம் எடை ஒன்றரைக் கிலோ ஏறியது, வயிற்றுப்போக்கும் குறைந்தது. அப்புறம் ஏறியது நின்று, இறங்கத் தொடங்கி, நோய் கண்டுபிடித்தபோது இருந்த 43 கிலோவுக்கும் கீழே போய்விட்டது.

"கோதுமைய விட்டா உடம்பு தேறும்னாக. நான் விட்டுட்டேன். உடம்பு என்னை விட்டுட்டுப் போகுது" என்றார் ஆச்சி. கூட வந்த கணவர் ஒன்றும் பேசவில்லை.

நான் இருபது வருடமாக உணவு ஆலோசனை சொல்லி வருகிறேன். சர்க்கரை, கொழுப்பு என்று வருபவர்கள்தான் பெரும்பாலும். சீலியாக் நோயாளிகளை இந்தப் பக்கம் விரல் விட்டு எண்ணிவிடலாம். இந்த ஆச்சியின் கதையை அவர் சம்மதத்தோடு, அடையாளம் தெரியக்கூடிய விவரங்களை மாற்றி, முழுதாக எழுதுகிறேன். பசையச் சத்து இல்லாத உணவுக்கு மாறிய பிறகும் மெலிந்துகொண்டே போகிறவர்கள் வேறு ஊர்களிலும் இருப்பார்கள். அவர்களுக்கு இது உதவ வேண்டும்.

அரிசி வீட்டுக்குள் கோதுமை வந்த வழி

ஆச்சி பிறந்ததும் வாழ்க்கைப்பட்டதும் சோறும் இட்லியும் பணியாரமும் உண்ணும் வீடுகள். கோதுமை எப்படி வந்தது என்று கேட்டேன். எட்டு வருடம் முன்பு கணவருக்குச் சர்க்கரை வந்தது. "ராத்திரி சோறு வேண்டாம், சப்பாத்தி சாப்பிடுங்க" என்று யாரோ சொல்ல, வீட்டில் எல்லோருக்கும் ராத்திரி சப்பாத்தி ஆகிவிட்டது. இது நம் பக்கத்தில் ஊர் ஊராக நடந்த கதை. இரண்டு பேருக்குத் தனித்தனியாக யார் சமைப்பது? அவருக்குப் போட்ட மூன்று சப்பாத்தி ஆச்சி தட்டிலும் விழுந்தது.

இரண்டு வருடத்தில் அசதி வந்தது, ரத்தம் குறைந்தது. இரும்புச் சத்து மாத்திரை மாற்றி மாற்றிப் போட்டும் ஏறவில்லை. உணவிலிருக்கும் இரும்பை உடம்பு அதிகம் எடுத்துக்கொள்வது சிறுகுடலின் முதல் பகுதியில்தான். சீலியாக் நோய் முதலில் கெடுப்பதும் அந்த இடத்தைத்தான். மாத்திரை சரியாக இருந்தும் அதை வாங்கிக்கொள்ளும் இடம் சிதைந்திருந்தது. ஒரு தனியார் மருத்துவமனையில் வயிற்றுப் புண் என்றார்கள், இன்னோர் இடத்தில் மனக்கவலையால் வரும் வயிற்றுப்போக்கு என்றார்கள். "அரிசி சாப்பிடுற ஊர்ல இதெல்லாம் வராது" என்று ஒருவர் சொன்னதாக ஆச்சி நினைவு வைத்திருக்கிறார். நாலு வருடம் இப்படியே போயிற்று. 56 கிலோ 43 ஆனது.

அப்படிச் சொன்னவரை முழுக்கக் குறை சொல்லவும் முடியாது. 2016-ல் வெளியான ஓர் இந்திய ஆய்வில், இந்த நோய்க்கான எதிர்ப்பொருள் ரத்தத்தில் இருந்தவர்கள் வடக்கே நூற்றுக்கு 1.23 பேர், தெற்கே 0.10 பேர்தான். அதாவது ஆயிரத்தில் ஒருவர். ஆனால் நோய்க்கு இடம் கொடுக்கும் மரபணு வாகு இரண்டு பக்கமும் ஏறக்குறைய ஒன்றுபோலத்தான் இருந்தது. பெரிய வித்தியாசம் ஒரு நாளில் தின்னும் கோதுமையின் அளவில் இருந்தது. அந்த அளவு நம் வீடுகளில் ஏறிக்கொண்டே வருவதால், "இங்கே வராது" என்ற பேச்சை இனிமேல் விட்டுவிட வேண்டும் என்பது என் கருத்து.

மதுரையில் ஒரு குடல் மருத்துவர்தான் இந்த நோயின் எதிர்ப்பொருளை அளக்கும் டிடிஜி என்ற ரத்தப் பரிசோதனை எழுதினார். இருக்க வேண்டிய அளவைப்போலப் பத்து மடங்குக்கு மேல் வந்தது. உள்நோக்கிக் குழாய் விட்டுச் சிறுகுடலில் துளித் துளியாகச் சதை எடுத்துப் பார்த்தார்கள். குடலின் உட்புறம் கம்பளிபோல் நுண்ணிய விரல்களாக நிற்க வேண்டும். ஆச்சிக்கு அது தேய்ந்த பாய்போல் கிடந்தது. மருத்துவர் தெளிவாகத்தான் சொல்லியிருக்கிறார்: கோதுமை, மைதா, ரவை, சேமியா, பார்லி எதுவும் கூடாது, அரிசி சாப்பிடலாம். ஆச்சியும் வீட்டுக்கு வந்து அப்படியே செய்தார். செய்ததாக நினைத்தார்.

தட்டில் என்ன இருந்தது

முதல் நாள் நான் எந்த அறிவுரையும் சொல்லவில்லை. "நேத்து காலையில இருந்து என்னென்ன வாயில போச்சு, ஒண்ணு விடாமச் சொல்லுங்க ஆச்சி" என்றேன்.

காலையில் இரண்டு இட்லி, பொடி. பகலில் ஒரு கரண்டிச் சோறு, ரசம், கொஞ்சம் பீர்க்கங்காய்க் கூட்டு. நாலு மணிக்கு வறக்காப்பி. ராத்திரி ஒரு டம்ளர் நொய்க் கஞ்சி, சில நாள் இரண்டு இடியாப்பம். பால் இல்லை, தயிர் இல்லை. பால் குடித்தால் வயிறு கலக்குகிறது என்று எல்லாவற்றையும் நிறுத்திவிட்டார். முட்டை, கறி, மீன் "செரிக்குமோ என்னமோ" என்று நிறுத்தியாயிற்று. பலகாரம் பக்கமே போவதில்லை.

கணக்குப் போட்டேன். ஆயிரம் கலோரியைக்கூடத் தொடவில்லை. அந்த உடம்பு தேற 1,700, 1,800 கலோரியாவது வேண்டும். மூன்று சப்பாத்தியும் குருமாவும் போன இடத்தில் ஒரு டம்ளர் கஞ்சிதான் வந்திருக்கிறது. அந்த ஒரு வேளையிலேயே முந்நூறு கலோரிக்கு மேல் துண்டு விழுந்தது. கோதுமையை எடுத்தார், எடுத்த இடத்தை நிரப்பவில்லை. நிரப்பச் சொல்லி அவரிடம் யாரும் சொல்லவும் இல்லை.

"எதத் தொட்டாலும் பயமா இருக்கும்மா. சாப்பிடாட்டி வலி இல்ல" என்றார். இதை எழுதும்போதும் எனக்குத் தொண்டை அடைக்கிறது. இந்த நோய்க்கு மருந்தே சாப்பாடுதான். அந்தச் சாப்பாட்டையே ஒருவர் எதிரியாகப் பார்க்கத் தொடங்கிவிட்டால் எடை எங்கிருந்து ஏறும்?

ஆனாலும் பட்டினி மட்டும்தான் காரணம் என்று முடித்துவிட முடியவில்லை. அந்த மாதம் எடுத்த டிடிஜி இன்னும் நாலு மடங்கில் நின்றது. கோதுமையைச் சுத்தமாக விட்டால் ஆறு மாதம், ஒரு வருடத்தில் நன்றாக இறங்க வேண்டிய எண் அது. சிலருக்கு மெதுவாக இறங்கும் என்பது உண்மை. ஆனால் இவருக்கு வயிற்று உப்புசம் இருந்தது, வாரத்தில் மூன்று நாள் வயிறு போனது, கணுக்காலில் வீக்கம் வேறு. தைராய்டும் சர்க்கரையும் மருத்துவர் பார்த்துவிட்டார், கோளாறு இல்லை. இப்படிப்பட்ட நேரத்தில் முதலில் சந்தேகப்பட வேண்டியது, தெரியாமல் உள்ளே போகும் பசையத்தைத்தான். நோயாளியைக் குறுக்கு விசாரணை செய்து அதைக் கண்டுபிடிக்க முடியாது. தெரிந்திருந்தால் அவரே சொல்லியிருப்பாரே. "உங்க அடுப்படியப் பாக்கலாமா ஆச்சி?" என்று கேட்டேன்.

அடுப்படியில்

முகப்பு, பட்டாலை, வளவு, இரண்டாங்கட்டு என்று தாண்டிப் போனால் கடைசியில் அடுப்படி. ஆச்சியின் ஆத்தா அங்கே உட்கார்ந்திருந்தார். மகளைப் பார்த்துக்கொள்ள வந்தவர், எண்பதை நெருங்கும் வயது. மகளுக்காக ஒரு பாத்திரத்தில் ஏதோ கொதித்துக்கொண்டிருந்தது.

"என்ன ஆத்தா அடுப்புல?"

"பார்லி அரிசி. காலு வீங்கியிருக்குல்ல, நீர் இறங்கட்டும்னு தெனம் ஒரு டம்ளர் குடுக்கிறேன்."

ஆச்சி என் முகத்தைப் பார்த்தார். மருத்துவர் சொன்ன பார்லி அவர் மனதில் ஏதோ பிஸ்கட்டில், பாக்கெட்டில் வரும் பொருள். வீட்டில் நீர்க்கடுப்புக்கும் கால் வீக்கத்துக்கும் கஞ்சி வைப்பது பார்லி அரிசி. மளிகைக் கடையிலும் அதே பெயர்தான். அரிசி என்று பெயர் வந்த பிறகு அரிசி வீட்டில் யார் சந்தேகப்படுவார்கள்? ஐந்து மாதமாக, பெற்ற தாயின் கையால், தினம் ஒரு டம்ளர். எடை இறங்கத் தொடங்கியதும் ஐந்து மாதமாகத்தான். ஆத்தாவிடம் அதை நான் அப்படிச் சொல்லவில்லை. "இது அவங்க குடலுக்கு ஒத்துக்காது ஆத்தா, இனி வேணாம்" என்று மட்டும் சொன்னேன். அவர் எழுந்து பாத்திரத்தை இறக்கிக் கொல்லைப்பக்கம் கொண்டுபோய் ஊற்றிவிட்டு வந்தார். ரொம்ப நேரம் பேசவே இல்லை.

சம்பா ரவையும் இப்படி ஏமாற்றும் பெயர்தான். நெல்லில் சம்பா உண்டு என்பதால் அரிசி ரவை என்று பலர் நினைக்கிறார்கள். அது கோதுமை. நல்லவேளை, அது இவர் வீட்டில் இல்லை.

அடுத்தது சல்லடை. கணவருக்குச் சப்பாத்தி நிற்கவில்லை. கோதுமை மாவு சலிப்பதும் இடியாப்ப மாவு சலிப்பதும் ஒரே சல்லடையில். "கழுவித்தாம்மா வைக்கிறேன்" என்றார் ஆச்சி. வளவு முற்றத்து வெளிச்சத்துக்குக் கொண்டுவந்து சாய்த்துப் பிடித்தேன். நடுக் கம்பிவலை பளிச்சென்று இருந்தது. வலையும் வளையமும் சேரும் விளிம்பில் பழுப்பாக ஒரு கோடு. நகத்தால் சுரண்டினால் காய்ந்த மாவு பொருக்குப் பொருக்காக உதிர்ந்தது. ஈரக் கை பட்டுப் பட்டு இறுகிய கோதுமை மாவு.

எவ்வளவு போனால் கெடுதல் என்பதைக் கணவருக்குப் புரியவைக்க ஒரு கணக்குச் சொன்னேன். தினம் 50 மில்லிகிராம் பசையம் மூன்று மாதம் தொடர்ந்து போனால் குடல் சேதமாகும் என்று ஆய்வில் பார்த்திருக்கிறார்கள். கோதுமை மாவில் பத்தில் ஒரு பங்கு பசையம் என்று வைத்தால், அரை கிராம் மாவு. ஒரு சிட்டிகை. அவர் சல்லடை விளிம்பையும் தன் விரல் நுனியையும் மாறி மாறிப் பார்த்தார்.

பெருங்காய டப்பாவையும் திருப்பிப் படித்தோம். கூட்டுப் பெருங்காயத்தில் பிசினோடு மாவு சேர்ப்பார்கள், அது பெரும்பாலும் கோதுமை மாவு. இந்த டப்பாவிலும் அப்படித்தான் பொடி எழுத்தில் இருந்தது. ரசம், பொடி, கூட்டு எல்லாவற்றிலும் அது உண்டு. இந்த நோயைப் பற்றிப் பேசுகிறவர்கள் எடுத்தவுடன் பெருங்காயத்தைச் சொல்வார்கள். என் கணிப்பில் இந்த வீட்டில் அதன் பங்கு சிறியது, பார்லிக் கஞ்சிதான் பெரிய குற்றவாளி. ஆனாலும் பெருங்காயத்தை மாற்றுவது சுலபம். அரிசி மாவு மட்டும் சேர்த்தது கடையில் கிடைக்கிறது.

மில்லில்

அரிசி மாவு எங்கே அரைக்கிறீர்கள் என்று கேட்டேன். ஊர் மில்லில்தான். அன்று சாயங்காலமே கூடப் போனேன்.

மில்லுக்குப் போகிறவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. மிளகாய் ஓடிய மிஷினில் அரிசியைப் போட மாட்டார்கள், காரம் ஏறும் என்று. கோதுமை ஓடிய மிஷினில் போட யாரும் தயங்குவதில்லை. இரண்டும் மாவு, இரண்டும் வெள்ளை. எங்களுக்கு முன்னால் ஒருவர் இரண்டு கிலோ கோதுமை அரைத்து வாங்கிக்கொண்டு போனார். மிஷின் வாயில் கட்டியிருந்த துணிக்குழாயை மில்காரர் உதறினார். தகரத்தில் இளம் பழுப்பாக ஒரு கைப்பிடி மாவு விழுந்தது. "இதுதான் ஆச்சி முதல்ல உங்க மாவுல கலக்கும். வேணும்னா ஒரு படி அரிசியத் தள்ளிவிட்டு, அதுக்கப்புறம் உங்களுத அரைக்கிறேன்" என்றார் நல்ல மனதோடு. துணியின் மடிப்பில் ஒட்டியிருப்பதைப் பார்த்தபோது அதில் எனக்கு நம்பிக்கை வரவில்லை. வீட்டில் சின்ன மிக்சி இருக்கிறது. பச்சரிசியை ஊறவைத்து, நிழலில் உலர்த்தி, அதில் அரைத்துக்கொள்வது என்று முடிவானது.

அடுப்படி ஒழுங்கு அதிகம் பேசாமல் முடிந்தது. கணவர் தன் சப்பாத்திப் பலகையையும் கல்லையும் மாவு டப்பாவையும் தானே தூக்கிக்கொண்டுபோய்ப் பின்கட்டில் ஒரு சின்ன அடுப்போடு வைத்துக்கொண்டார். எனக்கு ஆச்சரியமாக இருந்தது. அவருக்கு நான் ஒரு பழைய கதையைச் சொல்லியிருந்தேன். இரண்டாம் உலகப் போரின் கடைசிக் குளிர்காலத்தில், 1944-45-ல், ஹாலந்தில் ரொட்டி கிடைக்காமல் மக்கள் பட்டினி கிடந்தார்கள். அப்போது சீலியாக் பிள்ளைகள் தேறினார்கள், ரொட்டி திரும்பி வந்ததும் மறுபடி படுத்தார்கள். வில்லெம் டிக்கே என்ற குழந்தை மருத்துவர் அதைக் கவனித்தார். கோதுமைதான் காரணம் என்று 1950-ல் தன் ஆய்வேட்டில் நிறுவினார். "பஞ்சத்துல பிழைச்ச பிள்ளைக" என்று கணவர் தனக்குள் சொல்லிக்கொண்டார்.

எடையை ஏற்றிய சாப்பாடு

இந்த நோய்க்கென்று விலை கூடிய பாக்கெட் ரொட்டி, பிஸ்கட் எதையும் நான் எழுதவில்லை. செட்டிநாட்டு அடுப்படியில் பாதிக்கு மேல் இயல்பாகவே பசையம் இல்லாத பண்டங்கள். வெள்ளைப் பணியாரம் பச்சரிசியும் உளுந்தும். கந்தரப்பம் அரிசியும் பருப்பும் வெல்லமும். கும்மாயம் உளுந்தும் பயறும் கருப்பட்டியும் நெய்யும். கவுனி அரிசி இருக்கிறது, இடியாப்பம் இருக்கிறது, மாவுருண்டை இருக்கிறது. ரங்கூன் புட்டு மட்டும் ரவை, அதற்கு மட்டும் தடை. ஆச்சி பயந்து ஒதுக்கியதில் முக்கால்வாசி அவருக்கு நல்லது செய்யும் உணவு.

ஆனால் வந்த வேகத்தில் பணியாரத்தைக் கொடுக்கவில்லை. குடல் தேய்ந்திருக்கும்போது கொழுப்பும் சரியாகச் சேராது, எண்ணெய்ப் பண்டம் வயிற்றைக் கலக்கும். முதல் மூன்று வாரம் ஆவியில் வெந்ததும் குழைந்ததும்தான். இட்லி நாலு, அவித்த முட்டை ஒன்று. பகலில் இரண்டு கரண்டிச் சோறு, பாசிப்பருப்பு, ஒரு ஸ்பூன் நெய். நாலு மணிக்குக் கும்மாயம் ஓர் உருண்டை. ராத்திரி இடியாப்பம், தேங்காய்ப்பால். படுக்கப் போகுமுன் ஒரு வாழைப்பழம். பால் சர்க்கரையைச் செரிக்கும் நொதி அந்த நுண்விரல்களின் நுனியில்தான் ஊறுகிறது. விரல் தேய்ந்தால் நொதியும் போகும், குடல் வளர்ந்தால் திரும்ப வரும். அதனால் பாலைத் தள்ளிவைத்துவிட்டு, புளித்த தயிரை இரண்டு ஸ்பூனில் தொடங்கினோம். மருத்துவர் எழுதிய இரும்பு, சுண்ணாம்புச் சத்து, டி வைட்டமின் எல்லாம் தொடர்ந்தன.

இரண்டு வாரம் கழித்து எடை பார்த்தால் 39.6. ஆச்சி அழுதுவிட்டார். நான் அவர் கணுக்காலை அழுத்திப் பார்த்தேன். முன்பு குழி விழுந்து நின்ற இடத்தில் இப்போது குழியே இல்லை. உடம்பில் புரதம் குறைந்து தேங்கியிருந்த நீர் வடிந்திருக்கிறது. குறைந்த 600 கிராம் அந்த நீர். வயிறும் பத்து நாளாகப் போகவில்லை. எடைக்கல்லை மட்டும் பார்த்திருந்தால் அன்றைக்கே எல்லாவற்றையும் கைவிட்டிருப்போம். அதற்குப் பிறகு எடையோடு கையின் மேற்பகுதிச் சுற்றளவையும் எழுதி வைத்தேன்.

ஆறாவது வாரம் 41. நாட்டுக்கோழிக் குழம்பு, வேர்க்கடலை உருண்டை, சனிக்கிழமை கவுனி அரிசி என்று கூட்டினோம். மூன்றாவது மாதம் 43.3. அன்று முதல் முறையாக வெள்ளைப் பணியாரம் இரண்டு சாப்பிட்டுவிட்டு வந்து, "ஒண்ணும் பண்ணலம்மா" என்று சொன்னார். அந்தக் குரலை என்னால் எழுதிக் காட்ட முடியாது.

ஆவணியில் தேவகோட்டையில் ஒரு கல்யாணம். சீயம் வந்தது. "மைதா இருக்கா?" என்று ஆச்சி கேட்டார், பரிமாறியவர் இல்லை என்றார். மேல்மாவு மொறுமொறுப்பாக வர மைதா சேர்த்திருந்தது பிறகுதான் தெரிந்தது. இரண்டு நாள் வயிறு போனது, ஒரு கிலோ இறங்கியது. அதற்குப் பிறகு விசேஷ வீடுகளுக்கு வீட்டிலேயே சாப்பிட்டுவிட்டுத்தான் போகிறார். பந்தியில் உட்கார்ந்து சோறும் தயிரும் மட்டும் வாங்கிக்கொள்கிறார். உறவுகளில் ரெண்டு பேருக்கு வருத்தம்தான். அதைக் கணவர் பார்த்துக்கொள்கிறார்.

இங்கே இரண்டு விஷயம் சொல்ல வேண்டும். சுத்தமாகப் பசையம் விட்டு, டிடிஜியும் சரியாகி, வயிறாரச் சாப்பிட்டும் ஒருவர் மெலிந்தால், அப்போது அடுப்படியைத் துருவுவதில் பயன் இல்லை. கணையச் சுரப்புக் குறைவு, சிறுகுடலில் கிருமிப் பெருக்கம், பெருங்குடல் அழற்சி, அபூர்வமாகக் குடலில் வரும் புற்று என்று மருத்துவர் தேட வேண்டியவை இருக்கின்றன. தாமதிக்கக் கூடாது. அதே மாதிரி, சந்தேகம் வந்தவுடன் தானாகவே கோதுமையை நிறுத்திவிட்டுப் பரிசோதனைக்குப் போகவும் கூடாது. நிறுத்தினால் ரத்தத்தில் எண் இறங்கிவிடும், நோய் இல்லை என்று வந்துவிடும். ஆச்சியின் மகளைச் சென்னையில் வழக்கமான சாப்பாட்டோடு இருக்கும்போதே பரிசோதிக்கச் சொன்னோம். நோயாளியின் உடன்பிறந்தவர்கள், பிள்ளைகள் எல்லோருக்கும் இது அவசியம். மகளுக்கு இப்போதைக்கு ஒன்றும் இல்லை.

மார்கழியில் டிடிஜி இயல்பு அளவுக்குள் வந்தது. ஹீமோகுளோபின் வந்தபோது 8.9, இப்போது 12.1. எடை 47.8 கிலோ. அந்த வாரம்தான் பிள்ளையார் நோன்பு. வெல்லம் பிசைந்த அரிசி மாவில் நூல் திரி வைத்து ஏற்றி, அதை இழை என்று எடுத்து உண்பது செட்டிநாட்டு வழக்கம். போன வருடம் உடம்பு முடியாமல், இழை எடுத்துக்கொண்டதோடு சரி, மாவைத் தொட்டு நாக்கில் வைத்துக்கொண்டாராம். இந்த வருடம் ஆத்தா உள்ளே கிடந்த சின்ன உரலை வெளியே எடுக்கச் சொல்லியிருக்கிறார். பச்சரிசியை ஊறவைத்து, உரலைத் தேய்த்துக் கழுவி, அம்மாவும் மகளும் மாற்றி மாற்றி இடித்திருக்கிறார்கள். புதுச் சல்லடை. மறுநாள் ஒரு தூக்கில் வெல்லம் பிசைந்த மாவு எனக்கும் வந்தது. "ஆத்தாதான் குடுத்துட்டு வரச் சொன்னாக" என்றார் ஆச்சி. "இதுல வேற எதுவும் கலக்கலன்னு சொல்லச் சொன்னாக."